ஐம்பது மீட்டர் இடைவெளியில்

கேள்வி: சின்னஞ்சிறு செயற்கைக்கோள்களைக் கூட்டமாகப் பறக்கவிடுகிறார்களே, ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாதா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அப்படியே விட்டுவிட்டால் மோதக்கூடும். இரண்டில் ஒன்று சராசரியாக ஒரே ஒரு மீட்டர் தாழ்வாகச் சுற்றினால் போதும். சுற்றுக்குச் சுமார் ஒன்பது மீட்டர் முந்திவிடும். நாளுக்குப் பதினைந்து சுற்று என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இந்த விலகலைச் சமாளித்துக் காட்டிய ஒரு ஜோடி உண்டு. 2014 ஜூன் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கொண்டுபோன கேன்எக்ஸ்-4, கேன்எக்ஸ்-5 செயற்கைக்கோள்கள் இரண்டும் டொரன்டோ பல்கலைக்கழகம் செய்தவை. ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் கனசதுரம், கையில் தூக்கிவிடலாம். ஜி.பி.எஸ். அளவீடுகளை வானொலி மூலம் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, குளிர்வாயுவைத் துளித்துளியாகப் பீய்ச்சி, தரையின் கைப்பிடி இல்லாமலே இடைவெளியைக் காத்தன. முதலில் 1,000 மீட்டர், பிறகு 500, 100, கடைசியில் 50. அந்த ஐம்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இரண்டும் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருந்தன.

உந்துவிசை பழுதானால்? அதற்குத்தான் பாதையையே பாதுகாப்பாக வகுக்கிறார்கள். இரு பாதைகளும் வெட்டும் இடத்தில் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் செல்லும்படி, முறுக்கிய கயிற்றின் இரு புரிகள்போல அமைப்பார்கள். முன்பின் தூரம் குழம்பினாலும் உடனே மோதாது. ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸ், டான்டெம்-எக்ஸ் என்ற பெரிய ஜோடி, சில நூறு மீட்டர் இடைவெளியில், இந்த முறையில்தான் 2010 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பறந்திருக்கிறது.