பிடிவிடாத பிரேக்

மழைக்காலம் முழுதும் அசையாது நின்ற பழைய காரைச் சாலையில் எடுத்தால், யாரோ பின்னிருந்து இழுப்பதுபோல் அது தயங்குவதுண்டு. சற்றுத் தொலைவு சென்றதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாய்க் கொதிக்கும். தீய்ந்த நாற்றம் எழும். பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் டிஸ்க் பிரேக் பிடியை விடவில்லை என்பதே இதன் பொருள்.

பிடியை விடுவிப்பது எது? பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். அழுத்தத்தில் வளைந்து, பின் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழையளவு உள்ளிழுக்கிறது. துரு ஏறிய பிஸ்டனுக்கு அம்மெல்லிய விசை போதாது.

ஆயினும் உடனே காலிப்பரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை நம்பிவிடலாகாது. காரை உயர்த்தி முட்டுக்கொடுத்து, பெடலை ஒருமுறை அழுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றவேண்டும். இறுகியிருந்தால், காலிப்பரில் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்தவேண்டும். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுழன்றால், குற்றம் பிஸ்டனுடையதன்று. திரும்ப வழியின்றித் தேங்கிய அழுத்தந்தான் காரணம். பழைய ரப்பர் குழாய் வெளியே நலமாகத் தோன்றினும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் விசை ஆயிலை அதனூடே தள்ளிவிடும். திரும்பும் ஆயிலுக்கு அவ்வலிமை இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் இறுகினால் மாஸ்டர் சிலிண்டரை ஐயுறவேண்டும். திருகைத் தளர்த்தியும் சக்கரம் சுழலாவிடில், பிஸ்டனோ காலிப்பர் நகரும் ஊசிகளோ சிக்கியுள்ளன.

இதனைத் தள்ளிப்போடுதல் தகாது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலோ அதற்கு முன்பே கொதிக்கும். ஆவிக்குமிழ் தோன்றினால், மிதித்த பெடல் தரைவரை இறங்கும், கார் நில்லாது.

பயிற்சி: பிரித்து எழுதுக – அம்மெல்லிய, வழியின்றி, அவ்வலிமை.