கடிபட்ட நட்டு

“இந்த நட்டைக் கடிச்சு வச்சது யாரு சார்?”

தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கம் ஒரு பைக் பட்டறை. மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தின் ஆக்சில் நட்டைக் காட்டிக் கேட்டார். ஆறு மூலையும் மழுங்கி, எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. கடித்தது நான்தான். செயின் தொய்ந்திருந்தது. வீட்டில் அப்பா காலத்துக் கட்டிங் பிளேயர் ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடியதில் நட்டு ஒரு சுற்றுகூட நகரவில்லை, தலைதான் உருண்டையானது.

அண்ணன் 19-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டி ஏற்றி ஒரே இழுப்பில் கழற்றினார். புது நட்டுப் போட்டு, பழையதை என் கையில் கொடுத்தார். “வச்சுக்குங்க, ஞாபகத்துக்கு.”

அன்றுதான் வீட்டுக்கு ஒரு கருவிப் பெட்டி வேண்டும் என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் கார் ஷெட் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் இரண்டு வண்டி நிற்கும் இடம்தான் என் பட்டறை. ஏழெட்டு வருடத்தில் அங்கே சேர்ந்த கருவிகளைவிட, அங்கே செய்த தப்புகளே அதிகம்.

முதல் தப்பு: செட் வாங்கியது

ஆசை வேகத்தில் ஆன்லைனில் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் செட் வாங்கினேன். 46 துண்டுகள், நீலப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினேன். மூன்றாவது முறை பயன்படுத்தும்போது ராட்செட்டின் பல் உள்ளே நழுவியது. கைப்பிடி சுற்றியது, போல்ட் அசையவில்லை, என் விரல் முட்டிதான் சைலன்சரில் போய் இடித்தது.

பிறகு கணக்குப் பார்த்தேன். அந்த 46-இல் என் வண்டிக்குத் தேவைப்பட்டவை நான்கே நான்கு. மீதி 42-க்கும் சேர்த்துக் காசு கொடுத்ததால்தான், அந்த நான்கும் நல்ல இரும்பாக இல்லை. குறைந்த காசில் நிறைய துண்டுகள் என்றால், குறைவது இரும்பின் தரமாகத்தான் இருக்கும்.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், வீட்டில் எது கழன்றது, எது ஒழுகியது, எதற்கு ஆள் கூப்பிட்டோம் என்று மூன்று மாதம் குறித்தேன். குழாய் ஒழுகல் நான்கு முறை. பைக் செயின் இரண்டு முறை. கதவுத் தாழ்ப்பாள், ஸ்விட்ச் போர்டு, மிக்சி பிளக், சைக்கிள் பிரேக் தலா ஒரு முறை. அந்தத் தாள்கள்தான் என் வாங்கும் பட்டியல். உங்கள் வீட்டுப் பட்டியல் வேறாக இருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் குழாய் முதலிடம் பிடிப்பது அதிசயமில்லை. ஃப்ளோரைடு தொல்லைக்காக 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எங்கள் வீட்டில் குடிக்க அந்தத் தண்ணீர், துவைக்கக் குளிக்க இன்னும் போர் தண்ணீர்தான். அதன் உப்பு குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். குழாய் நுனி வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் வேண்டுமே!

முதல் 1,500 ரூபாய்

நான் வாங்கியபோது ஆன விலை இது. கடைக்குக் கடை மாறும், இப்போது கூடியும் இருக்கும்.

டெஸ்டர் 70 ரூபாய். எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர் 280. ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒன்று தட்டை, ஒன்று ஸ்டார், சேர்த்து 180. எட்டு ஓபன் ஸ்பேனர் கொண்ட செட் 600. சுத்தியல் 250. ஐந்து மீட்டர் டேப் 120. மொத்தம் 1,500.

செட் வாங்காதே என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் செட் வாங்கினாயே என்றால், காரணம் இருக்கிறது. இந்த எட்டும் இரு முனைக்காரர்கள்: 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. சைக்கிள், பைக், தையல் மிஷின், தண்ணீர் மோட்டார் என்று வீட்டில் கண்ணில் படும் நட்டுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

ஸ்பேனரில் இருக்கும் எண் போல்ட்டின் தடிமன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர். 8-க்கு 13. 10-க்கு 17. 12-க்கு 19. கடையில் “8 எம்.எம். போல்ட்” கேட்டு வாங்கிவந்து 8-ஆம் நம்பர் ஸ்பேனரைத் தேடியவன் நான். ஜப்பான் வழி வந்த பைக்குகளில் அதே 8 போல்ட்டுக்குச் சின்னத் தலை வைத்திருப்பார்கள். அங்கே 12 வேண்டும். 13-ஐப் போட்டால் உட்கார்ந்த மாதிரி தெரியும், அழுத்தினால் வழுக்கி மூலையைச் சீவிவிடும். ஆடும் ஸ்பேனரால் ஒருபோதும் திருகாதீர்கள்.

இரண்டாம் சுற்று

ஆறு மாதம் கழித்து ரிங் ஸ்பேனர் வாங்கினேன், முழு செட்டாக இல்லை. சில்லறையாகக் கேட்டால் கொடுக்கும் கடைகள் உண்டு. 10-11, 12-13, 14-15, 16-17 நான்கு மட்டும். 18-19 பிறகு சேர்ந்தது.

ஓபன் ஸ்பேனர் நட்டின் இரண்டு முகங்களை மட்டும் பிடிக்கும். ரிங், சுற்றிலும் ஆறு மூலைகளையும் கவ்வும். இறுகிப்போன நட்டை ரிங்கில் இளக்கி, இளகியதும் ஓபனில் வேகமாகச் சுற்றிக் கழற்ற வேண்டும். மாட்டும்போது இதே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஸ்பேனரை உங்கள் பக்கம் இழுங்கள், எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள். தள்ளும்போது சட்டென்று இளகினால் முட்டி போய்விடும். சைலன்சர் கற்றுக்கொடுத்த பாடம்.

துரு பிடித்த நட்டு என்றால் முதலில் சுற்றிலும் தேய்த்து, மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ விட்டு அரை மணி நேரம் டீ குடிக்கப் போய்விடுங்கள். வந்து தலையில் இரண்டு தட்டு. இளக்குவதற்கு முன் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி அதில் விட்டுப்போகும்.

எல்லாமே இடப்பக்கம் சுற்றினால் கழலாது. டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடிக்கும் சைக்கிளின் இடது பெடலுக்கும் மரை தலைகீழ். தெரியாமல் அந்த மூடியை உடைத்து, இறக்கையோடு சேர்த்து வாங்கினேன்.

குழாய் வேலைக்கு பத்து அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் டெஃப்ளான் டேப்பும் போதும். மரையைப் பார்த்தபடி பிடித்து, வலஞ்சுழியாக எட்டுப் பத்து சுற்று, இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். இடஞ்சுழியாகச் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பைப் ரெஞ்ச் வாங்க ஆசை வரும், பொறுங்கள். இப்போதைய பிளாஸ்டிக் பைப்புக்கு அதன் பிடி அதிகம். சுவருக்குள் இருக்கும் இணைப்பு விரிசல் விட்டால் முப்பது ரூபாய் வேலை டைல்ஸ் உடைக்கும் வேலையாகிவிடும்.

எல் கீ செட், ஆக்சா பிளேடு, பைக்குக்கான பிளக் ஸ்பேனர், ஒரு அரைவட்ட அரம் ஆகியவை காலண்டர் தாள் கேட்கக் கேட்கச் சேர்ந்தன. டிரில் மிஷினை நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். வருடத்துக்கு ஆறு ஓட்டை போட இரண்டாயிரம் ரூபாய் மிஷினா? எதிர்வீட்டு மாமாவிடம் இருந்தது. இரவல் வாங்கினால் துடைத்து, புது பிட் ஒன்றும் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். மூன்றாவது முறை கேட்கக் கூச்சம் வந்தபோதுதான் சொந்தமாக வாங்கினேன். இரவல் கேட்கக் கூசும் அளவுக்குத் தேவை வந்துவிட்டதென்றால், அந்தக் கருவியை நல்லதாகவே வாங்கலாம்.

பைக்கில் எப்போதும் கிடப்பவை இரண்டு: டியூப்லெஸ் பஞ்சர் கிட், சின்னக் காற்றடிக்கும் பம்பு. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வரை காட்டு வழி. சாயங்காலம் அங்கே ஆணி ஏறினால் பஞ்சர் கடையைத் தேட முடியாது. ஒருமுறை ஏறியது. ஓட்டையை அரத்தால் சுரண்டி, பசை தடவிய ரப்பர் திரியைக் குத்தி இறக்கிக் காற்றடிக்கக் கால்மணி நேரம்தான் ஆனது. குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

கடைக்குச் சட்டைப் பையில் நட்டோடு போங்கள்

ஸ்பேனர் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு நட்டு எடுத்துப் போவேன். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, அதை ஸ்பேனரில் மாட்டி ஆட்டிப் பார்ப்பேன். புதிதிலேயே கடகடவென்று ஆடினால் கீழே வைத்துவிடுவேன். ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. முனையில் மாட்டிக் கிடையாகப் பிடித்தால் விழாமல் நிற்க வேண்டும்.

இரும்பில் வார்த்தது வேறு, அடித்துச் செய்தது வேறு. களைக்கொத்து வாங்கும்போது கொல்லர் அடித்ததா என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வார்த்த ஸ்பேனர் தடியாக இருக்கும், அழுத்தினால் வாய் விரியும், இல்லை உடையும். அடித்தது மெலிவாக இருந்தும் தாங்கும். குரோம் வெனேடியம் என்று பொறித்திருப்பது நல்ல அடையாளம், ஆனால் எழுத்தை மட்டும் நம்பாமல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் உள்வேலையும் அப்படித்தான். ஜலந்தர், லூதியானாவில் செய்தவையும் டபாரியா போன்ற பழைய பெயர்களும் நம் ஹார்டுவேர்ஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பளபளப்பான வெளிநாட்டுப் பெயர் தேவையில்லை.

பழைய இரும்புக் கடையையும் ஒதுக்காதீர்கள். லாரிப் பட்டறை மூடியவர்கள் எடைக்குப் போட்ட ஸ்பேனர்களில் இரண்டை எடைக்கே வாங்கினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் புதுசு தோற்றுப்போகும். வாய் விரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கேயும் சட்டைப் பை நட்டுத்தான் நீதிபதி.

கரண்டில் மட்டும் வீரம் வேண்டாம்

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றினேன். ஷாக் அடித்தது. இன்வெர்ட்டர் வேறு வழியில் அந்த வயருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தால் வீடே அணைந்துவிட்டது என்பது இன்வெர்ட்டர் இல்லாத காலத்து நம்பிக்கை. இரண்டையும் அணையுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது அல்லவா? காலில் ரப்பர் செருப்பு, டிரில் பிடித்தால் கண்ணுக்குக் கண்ணாடி. பிளக் மாற்றுவது வரைதான் என் எல்லை. அதற்கு மேல் எலக்ட்ரீஷியன்.

ஜீன்ஸ் பை

பெட்டி வாங்க நான் காசு செலவழிக்கவில்லை. கிழிந்த ஜீன்ஸ் பேண்டைத் தையல்காரரிடம் கொடுத்து, வரிசையாக எட்டு அறை வைத்துத் தைத்துவாங்கினேன். ஸ்பேனர்களைச் சொருகிச் சுருட்டி நாடாவால் கட்டிவிடலாம். வேலை முடிந்து சுருட்டும்போது ஓர் அறை காலியாக இருந்தால், எது வண்டிக்கடியில் கிடக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் 12-13. ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் மெஷின் ஆயில் தொட்ட துணியால் ஒரு துடை துடைப்பேன்.

பெரிய கணக்கெடுப்பு ஆயுத பூஜை அன்று. படிக்கட்டுக்கு அடியில் பழைய பேப்பர் விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம். பொட்டு வைப்பதற்கு முன் எதில் தூசியைத் துடைக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த வருடம் அது சும்மா இருந்தது என்று அர்த்தம். நீலப் பெட்டிக்குத்தான் வருடா வருடம் அதிகத் துணி தேவைப்படுகிறது.

இந்த ஊர் தகடூராக இருந்தபோது அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, அந்தத் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து ஒன்று சொன்னதாகப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இருக்கிறது. இங்குள்ளவை நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வது போலக் குத்தியிருக்கிறாள். நீலப் பெட்டிக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் அந்தக் குத்து என் மேலும் படுகிறது.

வரிசையின் கடைசியில் அந்தக் கடிபட்ட நட்டையும் வைப்பேன். அதற்கும் ஒரு பொட்டு உண்டு.