ஒன்றரை லட்சம் ரூபாய் செல்போன்: தேவையா? வீண் விரயமா?

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதில் முர்ஸலீன், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃது.



மறுமையில் அல்லாஹ்வின் சந்நிதியில் நிற்கும் மனிதனின் பாதங்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஆயுளை எப்படிக் கழித்தாய், இளமையை எதில் செலவிட்டாய், கற்ற கல்வியைக் கொண்டு என்ன அமல் செய்தாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. ஆனால் பொருளுக்கு மட்டும் இரண்டு கேள்விகள்: எங்கிருந்து சம்பாதித்தாய்? எதில் செலவு செய்தாய்? (திர்மிதி)

நாம் கையில் வைத்திருக்கும் செல்போனும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் உட்பட்ட பொருள்தான். "ஹஜ்ரத், விலை கூடுதலான போன் வாங்கலாமா? அது இஸ்ராஃப் ஆகுமா?" என்று நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். "பையன் பிடிவாதம் பிடிக்கிறான், என்ன செய்வது?" என்று பெற்றோர்களும் கேட்கிறார்கள். அதனால் இன்றைய ஜும்ஆவில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

விலை என்ன, கிடைப்பது என்ன?

2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோது இந்தியாவில் அதன் ஆரம்ப விலை 82,900 ரூபாய். அதே வரிசையில் ப்ரோ மேக்ஸ் 1,49,900 ரூபாயில் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்25 அல்ட்ராவின் ஆரம்ப விலை 1,29,999 ரூபாய். 2020 ஏப்ரல் முதல் செல்போனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்தக் கணக்கில் 82,900 ரூபாயில் சுமார் 12,600 ரூபாய் வரிக்கே போய்விடுகிறது.

இவ்வளவு விலைக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை என்று சொன்னால் அது நியாயமான பேச்சாகாது. கேமரா நன்றாக இருக்கும், வேகம் இருக்கும், பல வருடம் உழைக்கும். 2024ல் வந்த எஸ்24 வரிசைக்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாக சாம்சங் அறிவித்தது. விலை குறைந்த பல போன்களுக்கு இரண்டு மூன்று வருடத்தோடு அது நின்றுவிடும்.

இதை வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 82,900 ரூபாய் போனை ஆறு வருடம் வைத்திருந்தால் வருடத்துக்குச் சுமார் 13,800 ரூபாய். 15,000 ரூபாய் போனை மூன்று வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 5,000 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் வசதியுள்ளவருக்கு இது பெரிய பாரம் ஆகாது. அதே விலையுயர்ந்த போனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர், பழையதை விற்று வரும் தொகையைக் கழித்த பிறகும், ஆறு வருடம் வைத்திருப்பவரைவிடக் கூடுதலாகவே இழப்பார். நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லி வாங்கிவிட்டு, அடுத்த மாடல் வந்ததும் மாற்றினால், சொன்ன காரணத்தை அவரே பொய்யாக்கிவிடுகிறார்.

நல்ல பொருளை மார்க்கம் தடுக்கவில்லை

சகோதரர்களே! இஸ்லாம் கஞ்சத்தனத்தைப் போதிக்கும் மார்க்கம் அல்ல. தன் அடியானுக்குக் கொடுத்த அருளின் அடையாளம் அவன்மீது தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்று ஹதீஸ் இருக்கிறது (திர்மிதி). நல்ல ஆடையும் நல்ல செருப்பும் அணிய விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அது பெருமை ஆகாது, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதுமே பெருமை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (முஸ்லிம்). ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றைப் பெரும் தொகை கொடுத்து வாங்கி முஸ்லிம்களுக்கு வக்ஃப் செய்தார்கள். விலை அதிகம் என்பதால் மட்டும் ஒரு செலவு வீண் விரயம் ஆகிவிடாது.

அப்படியானால் அளவுகோல் எது? ஃபுர்கான் அத்தியாயத்தின் 67வது வசனத்தில் ரஹ்மானுடைய அடியார்களின் பண்புகளைச் சொல்லும்போது, அவர்கள் செலவு செய்தால் வரம்பு மீறவும் மாட்டார்கள், கையைச் சுருக்கவும் மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்று அல்லாஹ் கூறுகிறான். பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27வது வசனங்களில், உறவினருக்கும் ஏழைக்கும் உரிய ஹக்கைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறான். அந்த வரிசையைக் கவனியுங்கள். ஒருவருக்குச் சேரவேண்டிய ஹக் சேராமல் தடைபடும் இடத்திலேயே வீண் விரயம் ஆரம்பித்துவிடுகிறது.

ளரூரத், ஹாஜத், தஹ்ஸீன்

ஹிஜ்ரி 790ல் வஃபாத்தான இமாம் ஷாத்திபி (ரஹ்) போன்ற உஸூல் அறிஞர்கள் மனிதனின் தேவைகளை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். அது இல்லாமல் வாழ்வே நடக்காது என்பது ளரூரத். அது இல்லாவிட்டால் சிரமம் என்பது ஹாஜத். இருந்தால் அழகு, இல்லாவிட்டால் குறையில்லை என்பது தஹ்ஸீன்.

இந்த மூன்று படிகளையும் செல்போனில் வைத்துப் பார்ப்போம். இன்று அழைப்பு, வாட்ஸ்அப், வங்கிப் பரிமாற்றம், பிள்ளையின் பாடம், தொழுகை நேரம், குர்ஆன் ஓதுவது எல்லாம் போனில் நடக்கின்றன. இவற்றுக்கு ஒரு போன் வேண்டும் என்பது ஹாஜத். நம்மில் பலருக்கு அது ளரூரத்தையே நெருங்கிவிட்டது. ஆனால் இவை அத்தனையும் 12,000, 15,000 ரூபாய் போனிலேயே தடங்கல் இல்லாமல் நடக்கும். அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் பெரும்பாலும் தஹ்ஸீனில் சேரும்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லமுடியாது. கல்யாண வீடுகளில் படம் பிடித்துப் பிழைப்பவருக்கு நல்ல கேமரா தொழில் கருவி. வீடியோ எடுத்து வியாபாரம் செய்பவருக்கும் அப்படியே. மர வேலை செய்பவர் நல்ல உளி வாங்குவதை யாரும் விரயம் என்று சொல்வதில்லை. அவர் தன் மனசாட்சியிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தப் போன் வந்த பிறகு என் வருமானம் உண்மையில் கூடுமா, அல்லது தொழில் என்பது நான் தேடிக்கொண்ட சாக்கா?

தஹ்ஸீன் ஹராம் இல்லை. கடனும் ஹக்கும் பாக்கியில்லாமல், ஜகாத்தும் கொடுத்து முடித்த ஒருவர் ஹலாலான காசில் வாங்கினால் அது அவருக்கு ஆகுமானதே. ஆனால் மூன்றாம் படிக்காக முதல் படியை உடைக்கக்கூடாது. அம்மாவின் மருந்துச் செலவு நிற்கிறது, தங்கையின் காலேஜ் ஃபீஸ் நிற்கிறது, கடைக்காரரிடம் மளிகைப் பாக்கி நிற்கிறது. இந்த நிலையில் கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் போன் இருந்தால் அதற்கு மறுமையில் என்ன பதில் சொல்வோம்? எதைச் செலவிடுவது என்று கேட்டவர்களுக்கு அல்லாஹ் பகரா அத்தியாயத்தின் 215வது வசனத்தில் பெற்றோரை முதலில் வைத்து, அடுத்து உறவினர், அநாதைகள், ஏழைகள் என்று வரிசை சொல்லித் தந்திருக்கிறான்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஒரு சம்பவம் முவத்தாவில் வருகிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். ஆசையாக இருந்தது, ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்றார்கள் ஜாபிர் (ரலி). அண்டை வீட்டாரையும் உறவினரையும் விட்டுவிட்டுத் தன் வயிற்றை மட்டும் நிரப்புவதா என்று உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். ஒரு திர்ஹம் இறைச்சிக்கே இந்தக் கேள்வி!

மாதத் தவணையில் மறைந்திருக்கும் வட்டி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். காசு எங்கிருந்து வருகிறது?

விலை உயர்ந்த போன்களை வாங்கும் நம் இளைஞர்களில் அநேகர் மொத்தப் பணம் கொடுத்து வாங்குவதில்லை, இஎம்ஐயில் வாங்குகிறார்கள். கணக்குக்காக 82,900 ரூபாயை 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 4,060 ரூபாய் வரும். முடியும்போது சுமார் 97,400 ரூபாய் கட்டியிருப்பார். ஏறக்குறைய 14,500 ரூபாய் வெறும் வட்டி. அதில் ஒரு சாதாரண போனே வாங்கிவிடலாம்.

"ஹஜ்ரத், நான் எடுத்தது நோ காஸ்ட் இஎம்ஐ, அதில் வட்டி கிடையாது" என்பார்கள். அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு 60,000 ரூபாய் போன், ஆறு மாதத் தவணை. கடைத் தரப்பு 2,500 ரூபாய் தள்ளுபடி கொடுக்கிறது. வங்கி 57,500 ரூபாயைக் கடனாகப் பதிந்து, அதன்மேல் 2,500 ரூபாய் வட்டி போட்டு, உங்களிடம் 60,000 ரூபாய் வசூலிக்கிறது. கிரெடிட் கார்டு பில்லில் வட்டி என்று தனி வரியே இருக்கும். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் சேரும். பல இடங்களில் பிராசஸிங் கட்டணம் வேறு. தவணை தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும். பூஜ்யம் சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு பெயரில் மறைக்கப்படுகிறது என்ற கருத்தில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரிசர்வ் வங்கியே ஒத்துக்கொண்டதை நாம் மறுக்கலாமா? வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் எல்லோரும் பாவத்தில் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் (முஸ்லிம்). கொடுப்பவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

தவணை வியாபாரம் முழுவதும் ஹராம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பதைப் பெரும்பான்மை ஃபுகஹாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் 1990ல் இப்படியே தீர்மானித்தது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒப்பந்தத்தின்போதே ஒரே விலை முடிவாகவேண்டும். வட்டி என்று தனியாகச் சேர்க்கக்கூடாது. தாமதமானால் கூடுதல் கேட்கக்கூடாது. நம் ஊர்க் கடைக்காரர் ஒருவர் தன் சொந்தப் பொருளை, "பத்து மாதத்தில் 16,000 கொடுங்கள், தாமதமானாலும் அதே 16,000" என்று விற்றால் அது வியாபாரம். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடனை எழுதுவதற்காக பகரா அத்தியாயத்தின் 282வது வசனத்தை, குர்ஆனின் மிக நீண்ட வசனத்தையே, அல்லாஹ் இறக்கியிருக்கிறான். உங்கள் தவணை எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கொண்டுவந்து ஆலிம்களிடம் காட்டுங்கள்.

வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டுப் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னார்கள் (புகாரி). தவணை வசூலிப்பவர் அழைத்தால் "நான் ஊரில் இல்லை" என்று சொல்லவைப்பது எந்தப் போன்? பெருமைக்காக வாங்கிய அதே போன்தான்!

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல வழி. அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது ஹராம். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். அதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.

யாருக்குக் காட்ட?

2004 வரை நம் தர்மபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியில், ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் முழு போனே தயாராகிறது. நம்மைப் போன்ற கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது அவர்களுக்குப் பல மாதச் சம்பளம். அந்தப் போனைச் செய்த கையைவிட அதைப் பிடித்திருக்கும் கை எந்த விதத்தில் உயர்ந்தது?

பெரும்பாலும் நம்மை வாங்கத் தூண்டுவது போனின் பின்பக்கத்தில் இருக்கும் அடையாளம். கண்ணாடி முன் நின்று அந்த அடையாளம் தெரியும்படி படம் எடுக்கிறோம். புகழுக்காக ஆடை அணிபவருக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்று அபூதாவூதில் வரும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். உங்களைவிடக் கீழே உள்ளவரைப் பாருங்கள், மேலே உள்ளவரைப் பார்க்காதீர்கள், அல்லாஹ்வின் அருளை அற்பமாக எண்ணாமலிருக்க அதுவே தகுந்தது என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (முஸ்லிம்). நன்றாக வேலை செய்யும் போன் கையில் இருக்கும்போதே அது மட்டமாகத் தெரிகிறதென்றால், போனில் ஒரு குறையும் வந்துவிடவில்லை. நம் பார்வை மேலே போய்விட்டது.

பெற்றோர்களே! "அத்தா, என் கூட்டாளிகள் எல்லோரும் வச்சிருக்காங்க" என்று பிள்ளை சொன்னால் கோபப்பட்டு விரட்டாதீர்கள். அவனுடன் உட்கார்ந்து வீட்டு வரவு செலவைக் காட்டுங்கள். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று தெரிந்த பிள்ளை சீக்கிரம் புரிந்துகொள்வான். அதற்கு முன் ஒன்று: நம் கையில் இருக்கும் போனும், நாம் கல்யாணத்துக்குச் செய்யும் செலவும் அவன் கண்ணில் படாமலா இருக்கும்?

வாங்கிய பிறகும் கேள்வி முடியவில்லை

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வேலைப்பாடு உள்ள ஒரு போர்வையில் தொழுதார்கள். அந்த வேலைப்பாட்டின்மீது ஒரு பார்வை பட்டது. தொழுது முடித்ததும், இது என் தொழுகையிலிருந்து கவனத்தைத் திருப்பியது என்று சொல்லி, அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பி, வேலைப்பாடு இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் (புகாரி). ஒரே ஒரு பார்வைக்கு அந்தப் போர்வையே வேண்டாம் என்றானது. நம் போன் ஒரு நாளில் எத்தனை முறை நம் கவனத்தைத் திருப்புகிறது? ஃபஜ்ரைத் தூங்கவைப்பது விலை உயர்ந்த போனாக இருந்தாலும் மலிவான போனாக இருந்தாலும் நஷ்டம் ஒன்றே.

ஆகவே, அன்பானவர்களே! கடைக்குப் போகும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் பழைய போன் உண்மையில் பயன்படாமல் போய்விட்டதா? காசு முழுக்க ஹலாலா, வட்டி கலக்கிறதா? என்மீது பிறர் ஹக்கும் கடனும் ஜகாத்தும் பாக்கி இருக்கிறதா? இந்த அடையாளம் இல்லாமல் இதே போன் கிடைத்தால் இதே விலைக்கு வாங்குவேனா? இத்தனைக்கும் நிம்மதியாகப் பதில் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப் பயன்படுத்துங்கள். ஒன்றிலாவது நெஞ்சு தயங்கினால் மூன்று மாதம் பொறுத்து, தவணைக்குக் கட்டுவதாக இருந்த அந்த 4,000 ரூபாயை மாதாமாதம் எடுத்து வையுங்கள். மூன்றே மாதத்தில் 12,000 ரூபாய் சேரும். தேவைக்குப் போதுமான போன் அந்தக் காசிலேயே வந்துவிடும், ஒரு ரூபாய் வட்டியும் இல்லாமல்.

கடைக்காரர் ஒட்டிய விலை எல்லோருக்கும் ஒன்றுதான். அல்லாஹ்விடம் கணக்கு ஒவ்வொருவருக்கும் வேறு.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! கடனிலிருந்தும் வட்டியிலிருந்தும் நம்மையும் நம் சந்ததிகளையும் பாதுகாப்பானாக! கொடுத்ததைப் போதுமாக்கிக்கொள்ளும் கனாஅத் எனும் செல்வத்தைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.