அலையாத்திக் காட்டின் அடிமண்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்து உழவர் ஆண்டுதோறும் தம் வயலுக்கு எருவிடுகின்றனர். தொழுவுரம் வண்டி வண்டியாகச் செல்கிறது, ஆட்டுக்கிடையும் மறிக்கின்றனர். அடுத்த கோடையில் அவ்வயலைத் தோண்டிப் பார்த்தால், இட்ட எருவில் மிகச் சிறு பகுதியே எஞ்சியிருக்கும். மற்றது எங்கே போயிற்று? பயிர் அதிலுள்ள சத்துகளை எடுத்துக்கொண்டது உண்மையே. ஆயினும், எருவின் உடலாக அமைந்த கரியைப் பயிரின் வேர் உண்பதில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டு, கரியமிலவாயுவாக மூச்சு விட்டுவிடுகின்றன.

காட்டுக்கு எருவிடுவார் எவருமிலர். எனினும், காடு வளர வளர அதன் மண் கறுத்துக் கொழுக்கிறது. மரம் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைகளால் வாங்கி, கதிரவன் ஒளியால் தன் உடலாக்கிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. இளங்காடு தான் ஈட்டியதைத் தண்டுக்கும் கிளைக்குமே செலவிடும். மண்ணுக்கு வருவது சொற்பம். மரங்கள் முதிர்ந்து, கிளைகள் கூடி நிழல் பரப்பியபின், உதிரும் சருகும் மாளும் வேரும் பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி மட்காகிக் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் தங்கிவிடும். முடிவில், மண்ணுக்கு வரும் கரியும் மண் மூச்சுவிடும் கரியும் ஏறக்குறையச் சமமாகும் நிலை வரும். இவ்வாறு உலகத்து மண்ணில் சேர்ந்துள்ள கரி, காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளவற்றைக் கூட்டினாலும் அவற்றினும் மிகுதி.

இக்கணக்கு வேறுவிதமாக நடைபெறும் காடு ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. திருத்துறைப்பூண்டிக்குத் தென்மேற்கே, முத்துப்பேட்டையிலிருந்து கோரையாற்றில் படகேறிச் சென்றால், வயல்கள் மறைந்து அலையாத்திக் காடு தொடங்கும். பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கடைமடைக் கிளைகள் காயலில் கலக்கும் இடம் இது. இங்கே மிகுதியாக நிற்பது வெண்கண்டல் என்னும் மரம். அதன் அடியில், ஆணிகளை நட்டுவைத்தாற்போல, மூச்சு வேர்கள் சேற்றைத் துளைத்து மேலே நிற்கும்.

மூச்சு வேர் ஏன் வேண்டும்? அச்சேற்றிற் பிராணவாயு இல்லை. அதனால் வேர்கள் மேலே வந்து காற்றை நாடுகின்றன. காற்றில்லாத அந்நிலையே கரிக்குக் காவலுமாகிறது. வயலில் சில திங்களில் எருவைத் தின்றுவிடும் நுண்ணுயிர்களின் வேலை இங்கே மிக மெதுவாக நடக்கும். பிராணவாயுவுக்கு ஈடாகக் கடல்நீரிலுள்ள கந்தக உப்பைக் கொண்டு வாழும் சிலவகை உயிர்களே அடியில் உண்டு. சேற்றை மிதித்தவுடன் எழும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் செயலே. முகஞ்சுளிப்பவர் சுளிக்கட்டும்; கரி தங்கியிருப்பதற்கு அந்நாற்றமே அடையாளம்!

நண்டுகள் சருகை வளைக்குள் இழுத்துச் செல்லும். ஆறு கொணரும் வண்டலை மூச்சு வேர்கள் தடுத்து நிறுத்தும். சருகின்மேல் வண்டலும், வண்டலின்மேல் சருகுமாக நிலம் உயர்கிறது. ஆண்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அரை மீட்டர் சேறு உயர நூறாண்டு வேண்டும். உலகளவில் நோக்கினால், ஓர் ஏக்கர் அலையாத்திக் காட்டின் கரி, நிலக்காடுகள் பெரும்பாலானவற்றினும் மிகுதி. அதிற் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மண்ணில் உள்ளது.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரையில் இக்காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கிலுள்ள மரங்களையெல்லாம் ஒருசேர வெட்டும் முறை இருந்தது. வெட்டியவர் விறகைக் கணக்கிட்டனர், அடிமண்ணைக் கணக்கிட்டாரில்லை. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து, வெடித்துத் தாழ்ந்தது. வெடிப்பின் வழியே காற்றுப் புகுந்தால், நெடுங்காலம் உறங்கிய கரி மீண்டும் நுண்ணுயிர்க்கு உணவாகும். தாழ்ந்த நிலம் தொட்டிபோலாகியது. அதில் புகுந்த கடல்நீர் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கி வற்றியது, உப்பு ஏறியது. விதை விழுந்தும் முளைக்கவில்லை. வெட்டினால் தானே தழைக்கும் என்று எண்ணியிருந்த இடம் வெறும் உவர்த்தரையாயிற்று.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர் மக்களுடன் கூடி, அத்தரையில் வாய்க்கால்கள் வெட்டினர். நடுவே ஒரு பெரு வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்த சிறு வாய்க்கால்கள். ஓதநீர் புகுந்து வெளியேறவே உப்புக் குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் விதைகளை ஊன்றினர், கன்றுகள் வேர்கொண்டன.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைக் கடுமையாகத் தாக்கியது. எண்ணற்ற மரங்கள் முறிந்தன. நின்றவற்றுள்ளும் பல இலையிழந்தன. முறிந்த மரத்தைப் புயலின் மறுநாளே காணலாம். சேற்றுள் நிகழ்வது அவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதன்று. வேர் மாண்டாலும், நீர் தேங்கிய சேற்றில் புதைந்திருக்கும் வரை அதன் கரி விரைந்து வெளியேறாது. சேறு உலர்ந்தால் வெளியேறும். ஆதலால், புயலுக்குப் பின்னரும் வாய்க்கால்கள் தூர்ந்துவிடாமற் காப்பது முதல் வேலையாகிறது.

ஊன்றிய விதை முப்பதாண்டில் நல்ல மரமாகிவிடும். மேற்கூறிய கணக்கின்படி, அம்மரத்தின் அடியில் புதிதாக உயர்ந்திருக்கும் சேறு ஒரு சாணுக்கும் குறைவே.