வரிசையைப் பார்த்துக்கொள்ளப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிளஸ்டர் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் மகிழ்ச்சி. எந்தப் பேராசிரியரின் ஜாப்புக்கு எவ்வளவு முன்னுரிமை தருவது என்று கேட்டிருக்கிறாய். அது கிடக்கட்டும். ஒவ்வொருவரும் ஜாப்போடு எழுதித் தரும் நேர வரம்பை முதலில் பார். க்யூ முடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

உன்னிடம் 64 நோடு என்று வைத்துக்கொள். 24 நோடுகளில் ஒரு ஜாப் ஓடுகிறது. அதன் வரம்பு முடிய இன்னும் 4 மணி நேரம். க்யூவில் முதலில் நிற்பது 64 நோடும் கேட்கும் ஜாப். அதுவரை மீதி 40 நோடு சும்மா கிடக்கும். பின்னால் 10 நோடு, 3 மணி நேரம் என்று ஒரு மாணவரின் ஜாப் நின்றால் உள்ளே விட்டுவிடலாம். முதலில் நிற்பவருக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. பேக்ஃபில் என்பது இதுதான். 1990-களின் நடுவில் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஐபிஎம் எஸ்பி கணினிக்காக எழுதிய ஈஸி ஷெட்யூலர் இதைப் பரவலாக்கியது. ஆனால் அந்த மாணவர், எதற்கும் இருக்கட்டுமே என்று 24 மணி நேரம் எழுதியிருந்தால் ஷெட்யூலர் என்ன செய்யும்? 40 நோடும் காலி, அவரும் வெளியே.

அவரைத் திட்டிப் பயனில்லை. குறைத்து எழுதினால் நாம்தானே ஜாப்பைக் கொல்கிறோம்! நம் ஷெட்யூலரான ஸ்லர்மில் வரம்பு தாண்டினால் முதலில் ஒரு சிக்னல். அமைப்பை மாற்றாவிட்டால் 30 வினாடியில் கதை முடிந்தது. இரண்டு நாள் ஓடிய கணக்கு வீண். பயந்தவர் கூட்டித்தான் எழுதுவார். ஓடும் கணக்கை இடையிடையே சேமித்துவைக்க, அதாவது செக்பாயிண்ட் எடுக்க, சொல்லிக்கொடு. போன மாதம் கேட்டது எவ்வளவு, ஓடியது எவ்வளவு என்று அவரவர் கணக்கை எடுத்து அவரவரிடமே காட்டு. பத்து சுற்றறிக்கைக்கு அது மேல்.

உன் பக்கமும் ஒன்று உண்டு. ஸ்லர்மின் பேக்ஃபில் எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்க்கிறது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. மாற்றாமல் விட்டால் 1440 நிமிடம், அதாவது ஒரே நாள். நீயோ 7 நாள் ஜாப்புகளை அனுமதிக்கிறாய். நாளை மறுநாள் காலியாகப்போகும் நோடு அதன் கணக்கில் வராது. பெரிய ஜாப் காத்தே கிடக்கும், சின்னவை புகுந்துகொண்டே இருக்கும். பெரிய ஜாப்காரர் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர் பக்கம். குறைந்தது உன் அதிகபட்ச வரம்பு அளவுக்காவது அதைக் கூட்டு. ஷெட்யூலருக்குச் சுமை கொஞ்சம் ஏறும், பரவாயில்லை.

நோடு கூடினால் எல்லாம் சரியாகும் என்று மேலிடம் சொல்லும். ஒன்றையொன்று சார்ந்த வேலைகளில் அதற்கும் உத்தரவாதமில்லை. ரொனால்ட் கிரகாம் 1960-களிலேயே காட்டிய கணக்கு இது: 3 இயந்திரத்தில் 12 அலகில் முடிந்த 9 வேலைகள், 4 இயந்திரத்தில் 15 அலகு பிடித்தன.

முன்னுரிமை கேட்டு போன் வரும். உடனே மறுக்காதே, நேர வரம்பைக் கேள். காத்திருக்கும் ஜாப்பின் வரம்பை அவரே குறைத்துக்கொள்ளலாம். கூட்டத்தான் நீ வேண்டும். குறைத்த சிறிது நேரத்தில் பல ஜாப்புகள் தானாகவே உள்ளே போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்