ஸ்டேஷன் வேகன் எனும் குடும்ப வண்டி

பள்ளி வாயிலில் நின்று, வந்து போகும் கார்களைச் சற்றே உற்று நோக்குங்கள். சலூன் கார் என்பது மூன்று பெட்டிகளை அடுத்தடுத்து வைத்தாற்போல் தோன்றும். முன்னே இயந்திரம், நடுவே மக்கள் அமரும் அறை, பின்னே சாமான் வைக்கும் பெட்டி. மற்றொரு வகைக் காரிலோ, கூரையானது பின்னிருக்கையோடு சரிந்து விடாமல் வண்டியின் கடைசி வரை நீண்டு, நிமிர்ந்த ஒரு கதவில் முடியும். பின்னிருக்கையை மடித்து விட்டால் சிறிய அறையொன்று சக்கரங்களின் மேல் நிற்பது போலாகும். இதனையே ஸ்டேஷன் வேகன் என்பர். இந்தப் பின்னறை ஒரு குடும்பத்திற்கு எதைத் தருகிறது, அதற்கு ஈடாக நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். அமெரிக்காவில் இரயிலை விட்டு இறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் நிலையத்திலிருந்து தங்கும் விடுதிகளுக்கு ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கே இப்பெயர் முதலில் வழங்கிற்று. பிரிட்டானியர் இதனை எஸ்டேட் கார் என்பர். எஸ்டேட் என்றவுடன் நமக்கு இரப்பர்த் தோட்டமும் லயத்து வீடுகளும் நினைவுக்கு வரும். அவர்கள் குறித்ததோ நாட்டுப்புறச் செல்வர்களின் பண்ணை நிலத்தை. ஆக, ஒரு பெயர் இரயிலடியிலிருந்தும் மற்றொன்று பண்ணையிலிருந்தும் பிறந்தன. இரண்டிலும் ஆளும் சாமானும் ஒன்றாகப் போகும் கருத்தே அடங்கியுள்ளது.

அக்கால வேகன்களின் பின்னுடலைத் தச்சர்கள் மரத்தால் செய்தனர். அந்த வழக்கத்தின் கடைசிக் கொழுந்துகளுள் ஒன்று மோரிஸ் மைனர் டிராவலர். மோரிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். புகழ்பெற்ற மினி காரை 1959ஆம் ஆண்டு உலகுக்கு அளித்தவரும் அவரே. மைனரின் வேகன் வடிவமான டிராவலர் 1953ஆம் ஆண்டு வந்தது. அதன் பின்பகுதியில் ஆஷ் என்னும் மரத்தால் ஆன சட்டம் வெளியே தெரியுமாறு அமைந்திருந்தது. பலர் அம்மரத்தை வெறும் அலங்காரம் என்று எண்ணுவர். அன்று, கூரையையும் பக்கச் சுவர்களையும் தாங்கியது அந்தச் சட்டமே. ஆகவே மரம் உளுத்துப் போனால் வண்டியின் உறுதியே குலைந்துவிடும். வீட்டுச் சன்னல்களுக்குப் போல அவ்வண்டிக்கும் மெருகெண்ணெய் பூசிக் காக்க வேண்டியிருந்தது! 1971ஆம் ஆண்டோடு டிராவலரின் உற்பத்தி நின்றது.

பின்னர் ஜப்பானிய வண்டிகளின் காலம் வந்தது. டொயோட்டா நிறுவனம் 1966ஆம் ஆண்டு கொரோலா என்னும் சிறிய காரை வெளியிட்டது. அதன் நான்காம் தலைமுறை 1979ஆம் ஆண்டு வந்தது. உங்கள் தாத்தாமார் ‘கொரோலா டி.எக்ஸ்.’ என்று சொன்னால் முகம் மலர்வதைக் காண்பீர்கள். அது இந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. இதன் வேகன் வடிவத்தை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இவ்வகை வண்டி நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கக்கூடிய விலையில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. வேகனும் சலூனும் உடன்பிறப்புகள். இயந்திரம், கியர்ப்பெட்டி, ஸ்டியரிங், முன்கதவுகள், முன் கண்ணாடி ஆகியன இரண்டுக்கும் பெரும்பாலும் பொது. தொழிற்சாலை புதிதாகச் செய்ய வேண்டியது பின்பகுதியை மட்டுமே. பழுதுபார்க்கும் கடைகளிலும் சலூனுக்குரிய உறுப்புகளே இதற்கும் பயன்படும். ஓர் உறுப்பு பல்லாயிரக்கணக்கில் செய்யப்படும்போது அதன் விலை குறைகிறது அல்லவா?

அந்த வேகனுக்கு அமைந்த இயந்திரங்களுள் ஒன்று நான்கு சிலிண்டர்களைக் கொண்டது. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 7.5 சென்டிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 7.3 சென்டிமீட்டர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதுகோலை எடுங்கள். ஆரம் 3.75, அதன் வர்க்கம் 14.06, அதனை 22/7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 44.2. அதனை 7.3ஆல் பெருக்க 322.6 வரும். நான்கு சிலிண்டர்களுக்கு 1290 கன சென்டிமீட்டர். காரின் விளம்பரத்தில் காணும் ‘1.3 லிட்டர்’ என்னும் எண் இதுவே. பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவு என்று அதனைத் தவறாகப் புரிந்து கொள்வாரும் உளர்.

இயந்திரத்தின் வேலை நான்கு அசைவுகளில் நடைபெறும். பிஸ்டன் கீழிறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. மேலேறும்போது அக்கலவை நெருக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழ, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலேறும்போது எரிந்த வாயு வெளியேறுகிறது. இந்தக் கடைசி அசைவை நினைவில் வையுங்கள். வெளியேறும் அவ்வாயுவைப் பற்றிப் பின்னர்ப் பேச வேண்டியிருக்கிறது.

இனி, செலவைக் காண்போம். ஒரு சிறிய வேகன் ஒரு லிட்டர் பெட்ரோலில் 12 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 29 லிட்டர் போதும். ஐவர் சென்றால் ஆளுக்கு 6 லிட்டருக்கும் குறைவே. அரிசி மூட்டை, அண்டா, பாய், தலையணை, பாட்டி தரும் மாங்காய் ஆகியவற்றிற்குத் தனிக் கட்டணம் இல்லை. டுரியான் பழத்தை ஏற்றும்போது மட்டும் ஒரு சங்கடம் நேரும். சலூனில் அது பின்பெட்டிக்குள் ஓரளவேனும் அடைபட்டுக் கிடக்கும். வேகனிலோ அது நம்மோடு ஒரே அறையில் பயணம் செய்யும்!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி தொடங்குகிறது. தந்தை 70 கிலோ, தாய் 60 கிலோ, பாட்டி 50 கிலோ, பிள்ளைகள் இருவர் 60 கிலோ, சாமான்கள் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 340 கிலோ. நாம் எடுத்துக்கொண்ட வேகன் ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ளது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சுமையை அது சுமக்கிறது. அறை பெரிதாயிற்றே தவிர, இயந்திரமும் டயர்களும் பெரிதாகவில்லை. இடம் இருக்கிறது என்பதற்காக எதையும் ஏற்றிவிடலாம் என்று எண்ணுதல் கூடாது.

திடலில் உள்ள ஏற்ற இறக்கப் பலகையை எண்ணிப் பாருங்கள். பின் அச்சுக்கு அப்பால் மிகுந்த பாரத்தை வைத்தால், அச்சே நடுத்தாங்கியாகி, வண்டியின் முன்பகுதி மேலெழ முனையும். முன் சக்கரங்கள் சாலையை அழுத்தமாகப் பற்றா, ஸ்டியரிங் இலேசாகிவிடும். இரவில் முன்விளக்குகள் நிமிர்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆதலின் கனமான மூட்டைகளைத் தரையோடு தரையாக, பின்னிருக்கையின் முதுகை ஒட்டி அடுக்க வேண்டும். தலையணை போன்ற இலேசானவை கதவோரம் இருக்கலாம். சுமை மிகும்போது பின் டயர்களுக்குக் கூடுதல் காற்று தேவைப்படும். எவ்வளவு என்பதை ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தாளிலோ வண்டியின் கையேட்டிலோ காணலாம். கொரோலா வேகனின் பின்புறத்தில், சலூனில் உள்ள சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மாறாக, இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்குகளை அமைத்தனர். லாரிகளிலும் அத்தகைய பட்டைகளைக் காணலாம். பாரம் தாங்க அவை ஏற்றவை. ஆனால் வெறும் வண்டியில் செல்லும்போது சற்றே தூக்கித் தூக்கிப் போடும்.

ஓடும் வண்டி திடீரென நின்றாலும் அதனுள் இருக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லவே முற்படும். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதோ மோதி, அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையுடன் முன்னே தள்ளும். பத்துக் கிலோ அரிசிப் பை இருநூறு கிலோவாகிவிடும்! சலூனில் சாமான்கள் தனிப் பெட்டியில் உள்ளன. வேகனில் இருக்கையின் முதுகுக்கு மேலே எழும்பும்படி அடுக்கிய எதுவும் நம் தலையை நோக்கியே வரும். ஆகவே இருக்கையின் உயரத்திற்கு மேல் அடுக்கலாகாது. கயிற்றாலோ வலையாலோ கட்டியும் வைக்க வேண்டும்.

அரிசிப் பைக்குச் சொன்னது பிள்ளைகளுக்கும் பொருந்தும். முன்னாளில் பின்னறையில் பாய் விரித்துப் பிள்ளைகளை அமர வைப்பர். அவர்கள் பின்னால் வரும் வண்டிகளுக்குக் கையசைத்துக் கொண்டே ஊர் போய்ச் சேர்வர். உங்கள் பெற்றோரைக் கேட்டால் அந்த இன்பத்தை இன்றும் கதை கதையாகச் சொல்வர். அவ்விடத்தில் இருக்கையும் இல்லை, பட்டையும் இல்லை. பின்னே வரும் வண்டி மோதினால் முதலில் நசுங்குவதும் அவ்விடமே. மலேசியாவில் முன்னிருக்கையில் அமர்பவர் இருக்கைப் பட்டை அணிவது 1979ஆம் ஆண்டு கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கு அது 2009ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று வந்தது. இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! சிறுவர்க்குரிய பாதுகாப்பு இருக்கைச் சட்டம் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. “கொஞ்ச தூரம்தானே, பின்னால் ஏறிக்கொள்” என்று யாரேனும் அழைத்தால், இருக்கை இல்லாத இடத்தில் ஏற மாட்டேன் என்று மரியாதையோடு சொல்லிவிடுங்கள்.

இனி, முன்பு குறிப்பிட்ட புகைக்கு வருவோம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எரியும் மெழுகுவர்த்திக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் ஒரு சிறிய அட்டையை நிறுத்துங்கள். சுடர் அட்டைக்கு அப்பால் இருக்கட்டும். இப்பால் நின்று அட்டையின்மேல் ஊதுங்கள். சுடர் உங்களை விட்டு விலகிச் சாய வேண்டும் என்றுதானே எண்ணுவீர்கள்? அதுவோ அட்டையை நோக்கி, உங்கள் பக்கமாகவே சாயும். தட்டையான பொருளின் பின்னே காற்றழுத்தம் குறைந்து, அங்கே காற்று சுழன்று திரும்பி வருவதே இதற்குக் காரணம்.

வேகனின் நிமிர்ந்த பின்கதவும் அந்த அட்டையைப் போன்றதே. வண்டி விரைந்து செல்லும்போது அதன் முதுகுப்புறம் காற்று சுழன்று வரும். புகைக்குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. நீண்ட பலகையையோ குழாயையோ ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடியே கட்டிக்கொண்டு ஓட்டினால், சுழலும் காற்றோடு புகையும் அறைக்குள் புகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலியும் மயக்கமும் தோன்றும். வண்டியில் தூக்கம் வருவது இயல்பே என்று அதனை அலட்சியம் செய்துவிடுவோம். அவ்வாறு உறங்கியோர் விழிக்காமலே போவதும் உண்டு. நீளமான பொருளை வேறு வண்டியில் அனுப்புவதே நன்று.

இன்று நம் சாலைகளில் ஸ்டேஷன் வேகன்கள் அருகிவிட்டன. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸோரா, பெரோடுவா அல்சா போன்ற உயரமான குடும்ப வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் மூன்றாம் வரிசை இருக்கைகளும் பட்டைகளும் உண்டு. எனினும் பின்புறம் அதே நிமிர்ந்த கதவுதான். மழை நாளில் இவ்வண்டிகள் ஏதேனும் ஒன்றின் பின்கண்ணாடியைக் கவனியுங்கள். சக்கரம் வாரியிறைக்கும் சேற்று நீர் அங்கே படிந்திருக்கும். முன்னோக்கி ஓடும் வண்டியின் முதுகில் சேறு எவ்வாறு ஏறிற்று? சுழன்று திரும்பும் அதே காற்றுதான் அதனைக் கொண்டு வந்து அப்புகிறது. சலூன்களில் பெரும்பாலும் காணப்படாத துடைப்பான் ஒன்று இவற்றின் பின்கண்ணாடியில் பொருத்தப்பட்டிருப்பது அதனால்தான்.