கொல்லைப்புறத்துப் பறவைகள்: இரையிடுதலும் கணக்கெடுத்தலும்

குடியானவர் வீடுகளில் பறவைகளைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் ஒரே நாளில் செய்யப்பட்டு விடுகிறது. கம்பங்கதிரில் உட்கார்ந்த குருவி திருடன். கூரைமேல் அலறிய கூகை சாவுக்கு அறிகுறி. சருகைக் கிளறிக் கத்தும் தவிட்டுக்குருவி வெறும் இரைச்சல். ஒரு நாள் கண்டதைக் கொண்டு வழங்கிய தீர்ப்பு ஆண்டு முழுவதும் நிலைத்துவிடுகிறது. அதே பறவை மற்ற நாட்களில் என்ன தின்றது என்று பார்த்தவர் சிலரே. கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவை எந்த அங்கத்தினரும் ஒரு நாளைய சிட்டையைக் கொண்டு முடிவு செய்வதில்லை; ஆண்டுக் கணக்கையே கேட்கிறார். பறவைகளின் கணக்கையும் அவ்விதமே கேட்க வேண்டும். அக்கணக்கை எழுதத் தொடங்குவதற்கு வீட்டுக் கொல்லையைவிட ஏற்ற இடம் வேறில்லை.

இவ்வாராய்ச்சி புதியதன்று. பீகாரிலுள்ள பூசாவில் அக்காலத்தில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மேஸன் என்பவர், பூச்சியியல் நிபுணரான மாக்ஸ்வெல்-லெப்ராயுடன் சேர்ந்து, பலவகைப் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து, உள்ளே கிடந்த தானியம் எவ்வளவு, புழு எவ்வளவு, வண்டு எவ்வளவு என்று வகைப்படுத்தினார். இந்தியப் பறவைகளின் ஆகாரத்தைப் பற்றிய அவர்களுடைய நூல் 1912-இல் வெளிவந்தது. கிராமத்தில் இருப்போர் எந்தப் பறவையின் வயிற்றையும் கிழிக்க வேண்டியதில்லை. குஞ்சுக்கு இரை கொண்டு வரும் பறவையின் அலகை உற்றுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இறவாணத்தில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை முதலில் எடுத்துக் கொள்ளலாம். வளர்ந்த குருவி தானியம் தின்பது மெய். களத்தில் அதனால் ஓரளவு சேதம் உண்டென்பதும் மெய். ஆனால் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கும் வரையில், அதாவது சுமார் 2 வாரம், அவற்றின் ஆகாரத்தில் பெரும்பகுதி புழுவும் பூச்சியுமே. காலையில் கால் மணி நேரம் கூட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர், பச்சைப் புழுவும் சிறு வெட்டுக்கிளியும் எத்தனை முறை உள்ளே போகின்றன என்று விரல் மடக்கி எண்ணலாம்.

இக்கணக்கைப் பாராமல் நடந்ததன் பலன் சீன தேசத்தில் வெளிப்பட்டது. 1958-இல் அங்கே எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு குருவியையும் பகையாகச் சேர்த்தார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டு, பறையும் தகரமும் தட்டிக் குருவிகளை எங்கும் உட்கார விடாமல் விரட்டிக் களைத்து விழச் செய்தார்கள், கூடுகளைக் கலைத்தார்கள், முட்டைகளை உடைத்தார்கள். குருவி குறைந்த வயல்களில் பூச்சி பெருகியது. 1960-இல் பகைப் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை நீக்கி, மூட்டைப்பூச்சியின் பெயரை அவ்விடத்தில் எழுதினார்கள். அவ்வாண்டுகளில் அத்தேசத்தை வருத்திய கொடும் பஞ்சத்திற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆயினும் குருவியை அழித்ததும் அதில் ஒரு பங்கு சேர்ந்தது.

மைனாவின் வரலாறு இதற்கு நேர்மாறு. 1762-இல் மொரிஷியஸ் தீவில் வெட்டுக்கிளியின் தொல்லையை அடக்குவதற்கென்றே இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். சொந்த நாட்டில் இல்லாத மதிப்பு அதற்குக் கடல் கடந்து கிடைத்தது போலும். பிற்காலத்தில் ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் அதுவே அந்நாட்டுப் பறவைகளின் பொந்துகளைப் பறித்துக்கொண்டு தொல்லையாகிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் இங்கே அது பிறந்த மண்ணில் இருக்கிறது. ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னால் நடந்து, புரண்ட மண்ணில் நெளியும் புழுக்களைக் கூலியின்றிப் பொறுக்குகிறது.

பறவைகளைக் கவனிக்க விரும்புவோர் அவற்றை அருகே வரவழைக்க வேண்டும். அதற்குத் தானியத்தைவிடத் தண்ணீரே சிறந்தது. தேன்சிட்டும், தையல்சிட்டும், கரிச்சானும் தானியத்தைத் திரும்பிப் பாரா. தண்ணீருக்கோ எல்லாம் வரும். பங்குனி முதல் ஆனி வரையில், குட்டைகள் வற்றிய காலத்தில், ஒரு மண்தாலம் நீர் கொல்லையின் தோற்றத்தையே மாற்றிவிடும்.

தாலம் அகன்றதாகவும் ஆழமற்றதாகவும் இருக்க வேண்டும். நடுவிலும் 2 அங்குலத்திற்கு மேல் நீர் நிற்கலாகாது. குடத்திலும் தொட்டியிலும் விழுந்த சிறு பறவை ஏறிவர முடியாமல் மூழ்கிப்போவது பலர் கண்ட காட்சி. தாலத்தில் சொரசொரப்பான கல் ஒன்றைப் போட்டால் கால் ஊன்ற வசதியாகும். பூனையுள்ள வீடுகளில் தாலத்தைத் தரையில் வைப்பது அப்பூனைக்கு இலை போட்டு அழைப்பதற்கு ஒப்பாகும். மார்பளவு உயரத்தில் ஒரு கல்தூண் அல்லது முக்கவைக் கழியின் மேல் வைத்து, பூனை பதுங்கக்கூடிய புதர் இரண்டு மூன்று பாகத் தூரத்துக்குள் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றுவது அவசியம். பல பறவைகள் எச்சமிடும் தாலம் கழுவப்படாவிடில் நோய்த் தாலமாகும்; நாட்கணக்கில் நிற்கும் நீரோ கொசுப் பண்ணையாகும். இவ்வேலையை வீட்டுச் சிறுவர் ஒருவரின் பொறுப்பில் விட்டால் அவரே சிறந்த பறவை அறிஞராகவும் ஆகிவிடுவார்.

இரை வைப்பதில் அளவு வேண்டும். கம்பு, தினை, நொய்யரிசி இவற்றில் ஒரு கைப்பிடி காலையில் போதும்; பொழுது சாயுமுன் ஒரு மணியும் மிஞ்சலாகாது. மிஞ்சிய தானியம் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். விதைநேர்த்திக்காக மருந்து கலந்த விதையில் மிச்சம் இருந்தால், அதைக் கொல்லையில் கொட்டுவது பறவைகளுக்கு நஞ்சு வைப்பதேயாகும். அதை ஆழப் புதைத்துவிட வேண்டும். உப்பிட்ட பண்டமும் ஊசிப்போன சோறும் பறவைகளுக்கு ஆகா. கோழி வளர்ப்போர் காட்டுப் பறவைகளுக்கு இரையிடும் இடத்தைக் கோழித் தீவனத் தொட்டிக்கு எட்டவே வைத்துக்கொள்வது நலம். ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றக்கூடும்.

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உண்பது பல வீடுகளில் நெடுநாளைய ஆசாரம். ஒரு பிடி சோற்றால் கேடொன்றுமில்லை. எச்சிலிலையும் மீந்த சோறும் கொல்லை முழுவதும் சிதறிக் கிடக்கும் வீட்டிலோ காக்கை கணக்கின்றிப் பெருகும். பெருகிய காக்கை தேன்சிட்டின் முட்டையையும் சின்னானின் குஞ்சையும் விட்டுவைக்காது. அறுவடையில் முதிர்ந்த நெற்கதிர்களைப் பின்னி வீட்டு முகப்பில் குருவிக்காகத் தொங்கவிடும் வழக்கம் இன்னும் சிற்சில ஊர்களில் உண்டு. அளவாலும் அழகாலும் அதைவிட நல்ல இரைத்தட்டைக் கடையில் வாங்க முடியாது.

மரமும் செடியும் உள்ள கொல்லைக்கு இவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை. முருங்கைப் பூவிலும் செம்பருத்தியிலும் தேன்சிட்டு வந்து தொங்கும். வேப்பம்பழத்துக்குச் சின்னானும் குயிலும் மைனாவும் வரும். அத்தி ஒன்று இருந்துவிட்டால் ஊர்ப் பறவைகளெல்லாம் அங்கேதான். சருகு முழுவதையும் பெருக்கிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் குவித்து வைத்தால், தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைப் புரட்டிப் பூச்சியைத் தின்னும். செண்பகம் நத்தையைத் தேடி வரும். கொண்டலாத்தி தன் நீண்ட அலகை மண்ணில் ஊன்றிப் புழுவை இழுக்கும்.

இனிக் கூகை. இப்பறவைக்கு நேர்ந்த அநீதி வேறெதற்கும் நேரவில்லை. வெண்மையான முகம், மனித முகம் போன்ற அமைப்பு, நள்ளிரவில் சீறும் குரல் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைச் சாவின் தூதனாக்கிவிட்டன. கோயிற் கோபுரத்திலோ பாழுங்கட்டிடத்திலோ அதன் குஞ்சுகளைக் கண்டவர் கல்லெறிகிறார். கல்லெறிந்தவரே மறுநாள் எலி வெட்டிய நெற்பயிரைப் பார்த்து ஏங்குகிறார். நெல்லுக்கு எலி செய்யும் சேதத்தை எந்த அங்கத்தினருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எலி வெளிவருவது இரவில்; காக்கையும் பருந்தும் அப்போது உறங்குகின்றன. கும்மிருட்டிலும் எலியின் காலடி ஓசையை மட்டும் கொண்டு இடம் அறிந்து பாயும் வல்லமை கூகைக்கு இருக்கிறது.

இது மெய்யா என்று ஐயுறுவோர் தம் கண்ணாலேயே சோதிக்கலாம். கூகை எலியை முழுதாக விழுங்கும் வழக்கமுடையது. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டிப் பின்னர் வாய்வழியே கக்கிவிடும். அது பகலில் தங்கும் இடத்தின் கீழே, கட்டைவிரல் பருமனில், கருமையான இவ்வுருண்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து நீரில் ஊறவைத்து, குச்சியால் மெல்லப் பிரித்தால், மயிருக்குள்ளிருந்து எலியின் மண்டையோடும் மஞ்சள் படிந்த முன்பற்களும் ஒவ்வொன்றாக வெளிவரும். மூஞ்சூறின் சிறிய கூர்மையான தாடையும் இடையிடையே கிடைக்கலாம். பிரித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். ஒரு மாதத்து உருண்டைகளைச் சேர்த்து மண்டையோடுகளை எண்ணி, கிராமப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் காட்டினால், சகுனத்தைப் பற்றிய வாதத்திற்கு அங்கே இடமிராது.

கூகையை வயலுக்கு வரவழைக்கும் எளிய வழி, 'டி' எழுத்து வடிவில் குறுக்குக்கட்டை அடித்த கழிகளைப் பயிருக்கு மேலே தெரியும்படி நட்டு வைப்பது. இரவில் கூகையும் பகலில் கரிச்சானும் அதில் உட்கார்ந்து வேட்டையாடும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கழிகளைப் பிடுங்கிவிடுவது நலம். இல்லாவிடில் கிளிகளுக்கு ஆசனம் போட்டதாகும். கூகையை அழைத்துவிட்டு எலிக்கு நஞ்சு வைப்பது மட்டும் ஆகாது. நஞ்சு தின்று தள்ளாடும் எலியே எளிதில் அகப்படும். அதைத் தின்ற கூகையும் மடியக்கூடும். அத்தகைய நிலங்களில் கிட்டி வைத்து எலி பிடிப்பதே பொருத்தம்.

எல்லாப் பறவையும் உபகாரி என்று சொல்வது இப்பாடத்தின் நோக்கமன்று. பச்சைக்கிளிக் கூட்டம் சோளக்கதிரிலும் கொய்யாவிலும் செய்யும் பாழ் பெரிது. தின்பது பாதி, கொறித்துக் கீழே போடுவது பாதி. அதற்குப் பரிகாரம் காவல்தான்: பரணும், தகர ஓசையும், காற்றில் மின்னும் நாடாவும், கதிர் முற்றும் சில வாரங்களுக்கு மட்டும். கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பறவையோடு கூடி வாழ்ந்து லாபம் கண்ட ஊருக்கு உதாரணம் திருநெல்வேலிச் சீமையிலேயே உண்டு. நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தங்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. நாற்றமும் இரைச்சலும் சாமானியமல்ல. ஆயினும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்ததும் உண்டு. பறவையெச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. அவ்விடம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு நெடுங்காலம் முன்னரே ஊரார் அதைக் காத்து வந்தார்கள்.

கணக்கெழுதும் முறை எளிது. ஒரு நோட்டுப் புத்தகம். வாரத்தில் ஒரு நாள், விடிந்தபின் 15 நிமிஷம், அதே இடம். பறவையின் பெயர், எண்ணிக்கை, என்ன தின்றது, எங்கே உட்கார்ந்தது என்னும் நான்கும் எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் அளவையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு பெரியவர்களைக் கேட்கலாம். பெண்குயில் புள்ளி போட்ட பழுப்பு நிறமாதலால் அதை வேறு பறவை என்று பலர் எழுதிவிடுவதுண்டு. காக்கைக் கூட்டைச் சுற்றி அது திரிவதைக் கண்டால் ஐயம் தீரும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்து வருகிறது. அதில் சேர எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. 15 நிமிஷமாவது நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதி அனுப்பினால் போதும். சங்கத்திற்கு ஒருவராகத் தை மாதம் இதைத் தொடங்கி, அடுத்த தையில் அதே கொல்லையில் மீண்டும் எண்ணி, இரு பட்டியல்களையும் சங்கக் கட்டிடத்துப் பலகையில் அருகருகே ஒட்டலாம்.